நாற்பதின் பின் நெடுந்தூர ஓட்டம்

மரதன் ஓட்டம் என்றதும் நம் பழைய மாணவர் பலருக்கு நினைவில் எழுவது மெய்வல்லுநர் போட்டியை ஒட்டிய ஒரு காலைப்பொழுதேயாகும். அன்று வீதிகளைச் சுற்றி ஓடிவந்து தேசிக்காய்த் தண்ணீர் அருந்தியதோடு ஓட்டத்துக்கும் தமக்கும் இருந்த உறவு அற்றுவிட்டதென அவர்கள் கருதுகின்றனர். பின்னர் உத்தியோகம், குடும்பம், நாற்காலி, ஐம்பதளவில் நீரிழிவு, அதன்பின் வைத்தியர் கட்டளைப்படி மாலைநடை. இவ்வொழுங்கு இயற்கை விதித்ததொன்றன்று.

நியூசிலாந்து தேசத்தில், ஒக்லாந்து நகரில், ஆதர் லிடியாட் என்னும் பயிற்றுநர் இருந்தார். 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் பீற்றர் சினெல், மரே ஹல்பேர்க் ஆகிய இவர்தம் மாணாக்கர் இருவர் தங்கப் பதக்கம் பெற்றனர். அதன்பின் லிடியாட் நடுவயதினரையும் முதியோரையும், மாரடைப்பு கண்டவரையுங்கூட, மெல்லோட்டத்தில் பழக்கினார். ஓடும்போதே அருகில் வருபவரோடு உரையாட இயலவேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் மிகை என்பதே அவர்கள் கைக்கொண்ட அளவுகோல். 1962இல் அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன், தாம் ஐம்பதைச் சற்றே கடந்தவராயிருந்தும், எழுபது கடந்த ஒருவரோடு ஓடி ஈடுகொடுக்க மாட்டாமற் பின்தங்கினார். ஊர் திரும்பிய அவர் 1967இல் மெல்லோட்டம் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

இனி, உடம்பின் கூற்றினை நோக்குவோம். ஒரு நிமிடத்தில் உடம்பு பயன்படுத்தவல்ல உயிர்வாயுவின் உச்ச அளவு, முப்பதின் பின் பத்தாண்டுக்கு நூற்றுக்குப் 10 என்னும் அளவிற் குறைந்து செல்கிறது. விடாது பயில்வோரிடத்து இத்தேய்வு ஏறத்தாழப் பாதியாகிறது. புதிதாகத் தொடங்குபவரின் இருதயமும் குருதியும் சில கிழமைகளிலேயே திருந்துகின்றன. துடிப்பொன்றுக்கு இருதயம் தள்ளும் குருதி மிகுகிறது. தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. இரண்டு மாதத்தில் மூச்சு இலகுவாகிவிடும்.

இடர் தொடங்குவதும் இங்கேதான். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்குக் குருதியோட்டம் குறைவு. அது உறுதிபெறப் பல மாதங்கள் வேண்டும். (“நரம்பு இழுத்துவிட்டது” என்று நாம் சொல்வது பெரும்பாலும் நரம்பன்று, இத்தசைநாணோ தசையோதான். தமிழாசிரியரென்ற முறையில் இதனைத் திருத்தாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை.) நெஞ்சு “ஓடு” என்கிறது, குதிகால் இன்னும் ஆயத்தமாகவில்லை. நாற்பது கடந்தோர் மூன்றாம் மாதத்தில் நொண்டத் தொடங்குவதன் காரணம் பெரும்பாலும் இவ்விடைவெளியேயன்றி முதுமையன்று. ஆதலின் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதும், கிழமைக்கு மூன்று நாள் மட்டும் பயில்வதும் தொடக்கத்துக்குப் போதுமானவை. நாம் எமது நாற்பத்து நான்காம் அகவையில் கல்லூரித் திடலில் இவ்வாறே தொடங்கினோம். மாணவர் சிலர் மதிலருகே நின்று நகைத்தது மெய். அந்நகைப்பு இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கவில்லை.

பொறுமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எட் விற்லொக் என்பார் சான்று. இங்கிலாந்தில் இளமையில் ஓடியவர்; கனடாவிற் குடியேறிப் பொறியியலாளராகப் பணிபுரிந்து, நீண்ட இடைவெளிக்குப் பின் நாற்பதையொட்டி மீண்டும் ஓடலானார். ஒன்ராறியோ மாகாணத்து மில்ரன் ஊர் மயானத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்காக மெல்ல ஓடுவதே அவர் பயிற்சி. (மயானத்தில் ஓடுவதற்கு நம்மூரில் எவர் உடன்படுவார்!) 2004இல், தமது 73ஆம் வயதில், 42.195 கிலோமீற்றரை 2 மணி 54 நிமிடம் 48 செக்கனிற் கடந்தார். இருபது வயது இளைஞருள்ளும் இவ்வேகத்தை எட்டுவோர் சிலரே. பஞ்சாபியரான பௌஜா சிங் என்பாரோ மனைவியையும் மகனையும் இழந்த துயரின் பின், 89ஆம் வயதில் இலண்டனில் மரதன் பயின்றார். 2011இல் ரொறன்ரோ மரதனை ஓடி முடித்தபோது அவருக்கு நூறு வயது என்பர்; பிறப்புச் சான்றிதழ் இன்மையால் கின்னஸ் நூல் அதனை ஏற்கவில்லை.

எனினும் வைத்தியரிடம் முதலிற் செல்லாது சப்பாத்து வாங்கச் செல்லற்க. ஓட்டத்தை அமெரிக்க மக்களிடையே பரப்பிய ஜிம் பிக்ஸ் 1984இல், 52ஆம் வயதில், ஓடிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். தந்தையும் அந்நோயாலேயே 43 வயதில் இறந்தவர். தாமும் முன்னர் மிகுதியாகப் புகைபிடித்தவர். குடும்பத்தில் இருதயநோய் உள்ளவர்கள் இதனை இருமுறை படிக்கவேண்டும். நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ கொள்வோர்க்கு ஓட்டத்தின்போது சீனி அளவு தாழக்கூடும். சட்டைப் பையிற் சிறிது குளுக்கோசு இருத்தல் நன்று.

விழாவுக்கென இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் அன்பர்க்கு ஒரு வார்த்தை. நம்மூர் வெயிலுக்கு உடம்பு மீண்டும் பழகப் பத்து முதற் பதினான்கு நாள் செல்லும். வந்திறங்கிய மறுநாளே அங்குள்ள வேகத்தில் ஓட முற்படாது, விடியுமுன், பாதித் தூரத்தோடு நிறுத்திக்கொள்க. திடலின் வாயில் ஐந்தரைக்குத் திறக்கப்படும், நாமும் அங்கிருப்போம்.