காரின் உள்பக்க பிளாஸ்டிக்கில் கீறலா? எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடவே கூடாது?

காம்பாரில் செமஸ்டர் முடியும் வாரத்தில் இது வழக்கமான காட்சி. வாடகை அறையைக் காலி செய்யும் மாணவர்கள் ஒரு சின்ன காருக்குள் மேசை, மின்விசிறி, ரைஸ் குக்கர், துணிப்பெட்டி என்று எல்லாவற்றையும் திணித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் ஈயச் சுரங்க ஊராக இருந்த காம்பார், 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் வந்த பிறகு மாணவர் நகரமாகவே மாறிவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சாமானை இறக்கிப் பார்த்தால், கதவின் உள்பக்கத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. காரோ அப்பாவுடையது. "தேய்ச்சா போயிடும்" என்பார் ஒருவர். "லைட்டரைக் காட்டு, சரியாயிடும்" என்பார் இன்னொருவர். இணைய வீடியோவிலோ, ஒருத்தர் ஹீட் கன்னைப் பிடித்துச் சில விநாடிகளில் கீறலை மறைய வைத்துக் காட்டுவார்.

இதில் எதை நம்புவது? இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம். அது என்ன பிளாஸ்டிக்? அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? முதல் கேள்வியில் தவறினால் காரின் அழகு கெடும். இரண்டாவதில் தவறினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கறுப்பு பிளாஸ்டிக் ஏன் வெள்ளையாகக் கீறுகிறது?

காரின் வெளிப்பக்கம் இரும்புத் தகட்டின் மேல் பெயிண்ட். உள்பக்கம் அப்படி இல்லை. பெரும்பாலான உள்பாகங்களில் நிறம் பிளாஸ்டிக்கோடு கலந்தே வருகிறது. கீறினாலும் உள்ளே அதே நிறம்தான். பிறகு ஏன் வெள்ளைக் கோடு?

கீறும்போது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகளும் வெற்றிடங்களும் உண்டாகின்றன. அவற்றில் பட்டு ஒளி சிதறுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் ரூலரை வளைத்தால் வளைந்த இடம் வெளுக்குமே, அதே கதைதான். இதோடு, உறுதிக்காகப் பல பாகங்களில் டால்க் எனும் வெள்ளைக் கனிமத் தூளும் கலக்கப்படுகிறது. கீறலில் அதுவும் வெளியே தெரியும்.

அந்தச் சொரசொரப்பான தோல் போன்ற வடிவம் எப்படி வருகிறது? அது எஃகு அச்சிலேயே செதுக்கப்பட்டிருக்கும். உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும்போது அந்த வடிவம் பதிகிறது. அதனால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறலோடு சேர்ந்து அந்த வடிவமும் போய்விடும். பிறகு பளபளவென்று ஒரு திட்டு மட்டும் மிஞ்சும். கீறலைவிட அது இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

பின்பக்கத்தில் பெயர் எழுதியிருக்கும்

பாகத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தால், > < குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் பதிந்திருக்கும். அதுதான் பிளாஸ்டிக்கின் பெயர். இரண்டு பெயர்களை அதிகம் பார்க்கலாம்.

ஒன்று பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன். தாபாவ் வாங்கும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அதுவும் இதே பிபிதான். கதவின் கீழ்ப்பகுதி, பூட் பக்கச் சுவர் போன்ற இடங்களில் இது அதிகம். சாதாரண பசையும் பெயிண்டும் இதில் ஒட்டாது. பெயிண்ட் அடிக்கணும்னா முதலில் அதற்கென்றே உள்ள பிளாஸ்டிக் பிரைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும்.

இன்னொன்று ஏபிஎஸ். லெகோ கட்டைகள் இதில் செய்யப்படுபவைதான். கியர் பகுதி, சுவிட்சைச் சுற்றிய சட்டம் போன்றவற்றில் இருக்கும். பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தின்னர், அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்கும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

முதல் வேலை: கழுவுங்கள்

கீறல் என்று நாம் நினைக்கும் பல கோடுகள் உண்மையில் கீறலே இல்லை. கதவோரம் இருக்கும் கறுப்புக் கோடு, காலணி உரசியபோது ஒட்டிக்கொண்ட ரப்பராக இருக்கலாம். சோப்பு நீர், மென்மையான பிரஷ், மைக்ரோஃபைபர் துணி போதும். 'மேஜிக் ஸ்பான்ஜ்' பயன்படுத்துவோர் கவனிக்க: அது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி. பளபளப்பான பரப்பில் தேய்த்தால் மங்கிவிடும்.

எண்ணெய் தடவினால் கீறல் மறைவது உண்மைதான். ஈரமான சிமென்ட் தரை கறுப்பாகத் தெரிவதுபோல, எண்ணெய் அந்த நுண்ணிய இடைவெளிகளை நிரப்பி ஒளிச் சிதறலைக் குறைக்கிறது. ஆனால் காய்ந்ததும் கோடு திரும்ப வந்துவிடும். டேஷ்போர்டின் மேல் தடவினால் இன்னொரு தொல்லை: வெயிலில் அந்த மினுமினுப்பு முன்கண்ணாடியில் எதிரொலித்துப் பார்வையை மறைக்கும்.

ஹீட் கன் உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் ஒரு எல்லை வரைக்கும்தான். சூடு பட்டதும் இழுபட்ட பிளாஸ்டிக் தளர்ந்து, வெளுப்பு குறைகிறது. விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்காத மேலோட்டமான கீறலென்றால் பலன் கிடைக்கும். நகம் சிக்கினால் அங்கே பிளாஸ்டிக்கே குறைந்திருக்கிறது. சூட்டால் நிறம் தேறலாம், பள்ளம் நிரம்பாது.

பிபி உருகுவது சுமார் 160 டிகிரி செல்சியஸில். ஏபிஎஸ் 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். கடையில் விற்கும் பல ஹீட் கன்கள் 500 டிகிரிக்கு மேல் போகும். கணக்கு புரிகிறதா? ஒரே இடத்தில் சில விநாடி கூடுதலாகப் பிடித்தால் போதும், பாகம் வளைந்துவிடும், அல்லது சொரசொரப்பு உருகிப் பளபளத்துவிடும்.

செய்து பார்க்க விரும்பினால், பாகத்தைக் கழற்றி வெளியே வைத்துச் செய்யுங்கள். குறைந்த சூடு, ஒரு சாண் தூரம், கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கண்ணில் படாத மூலையில் சோதியுங்கள். வெளுப்பு போனதும் நிறுத்தி, ஆறும்வரை தொடாதீர்கள். லைட்டர் மட்டும் வேண்டாம். அது கரி படியவைக்கும், நேரடித் தீ பிளாஸ்டிக்கையும் பற்றவைக்கலாம்.

பியானோ பிளாக் எனப்படும் பளபளப்பான கறுப்புப் பகுதிகளுக்கு இந்த முறை ஒத்துவராது. மெல்லிய கீறல்களை பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுக் குறைக்கலாம். தொட்டால் பிசுபிசுக்கும் மென்பூச்சுப் பகுதிகளில் பிரச்சினையே வேறு. நம் ஊர் வெப்பமும் ஈரப்பதமும் பல ஆண்டுகளில் அந்தப் பூச்சையே சிதைத்துவிடுகின்றன. அங்கே பூச்சை முழுதாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் பாகத்தை மாற்ற வேண்டும்.

எப்போது மாற்றுவது நல்லது?

ஆழமான பள்ளம், விரிசல், உடைந்த கிளிப் என்றால் மாற்றுவதே மேல். மைவி, சாகா மாதிரி நாட்டில் நிறைய ஓடும் கார்களுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது சிரமமில்லை. ஈப்போ போன்ற பெரிய ஊர்களின் பழைய உதிரிப்பாகக் கடைகளிலும், 'ஹாஃப்-கட்' கடைகளிலும் விசாரிக்கலாம்.

ஆனால் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். மைவியில் மட்டுமே 2005, 2011, 2017 என்று மூன்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் கதவுப் பலகை இன்னொன்றுக்குப் பொருந்தாது. பாகத்தின் பின்னால் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய பாகம் வெயிலில் வெளுத்திருக்கும் என்பதால், உங்கள் காரின் நிறத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் புதுக் கீறல்தான் வரும். அதற்கென பிளாஸ்டிக் நெம்புகோல்கள் விற்கிறார்கள்.

தொடவே கூடாத இடங்கள்

ஸ்டீரிங்கின் நடுப்பகுதி, பயணியின் முன்னால் உள்ள டேஷ்போர்டு, இருக்கையின் பக்கவாட்டு, முன்கண்ணாடி ஓரத் தூண், ஜன்னலுக்கு மேல்பகுதி. இங்கெல்லாம் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஹீட் கன், பசை, நிரப்பி, பெயிண்ட், தோல் உறை எதுவுமே அங்கே வேண்டாம்.

காரணம் இதுதான். மோதல் நடந்தால் ஏர்பேக் சுமார் 30 மில்லிவிநாடியில் விரிகிறது. ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூட இல்லை. பை வெளியே வருவதற்காக, அதை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் மெல்லிய கோடு ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கோட்டில்தான் அது கிழிய வேண்டும். நாம் பசையோ நிரப்பியோ போட்டு அந்த இடத்தைக் கெட்டியாக்கினால், பை தாமதமாகவோ கோணலாகவோ விரியலாம். உடைந்த துண்டுகள் முகத்தில் பாயலாம். ஸ்டீரிங் நடுவில் ஒட்டும் உலோக, கல் பதித்த அலங்காரச் சின்னங்கள் ஆபத்தானவை என்பதும் இதே காரணத்தால்தான்.

ஓரத் தூணின் மூடியைச் சும்மா கழற்றி மாட்டுவதிலும் சிக்கல் உண்டு. பல கார்களில் அதைப் பிடித்திருக்கும் கிளிப், ஏர்பேக் விரியும்போது மூடி பறந்துவிடாமல் தடுக்கிறது. கழற்றினால் புதுக் கிளிப் போடச் சொல்வது வழக்கம். இந்த இடங்களில் கீறல் கண்ணை உறுத்தினால், அசல் பாகத்தை வாங்கி, பேட்டரியைத் துண்டித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து வேலை செய்யும் பட்டறையிடம் கொடுங்கள். இல்லையென்றால் கீறலை அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

அப்படியென்றால் இதைத் தலைகீழாகவும் யோசியுங்கள். பத்து வயது காரில் மற்ற இடமெல்லாம் தேய்ந்திருக்க, ஸ்டீரிங் நடுப்பகுதியும் பயணி பக்க டேஷ்போர்டும் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஏர்பேக் ஏற்கெனவே வெடித்து, மேலே வெறும் மூடியை மட்டும் மாட்டியிருக்கலாம். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டாலும் கோளாறு, எரியவே இல்லையென்றாலும் கோளாறு.

அப்பா காரின் கதவில் விழுந்த வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். கழுவுங்கள், நகத்தால் சோதியுங்கள், பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரு வாரக் கடைசியில் முடிந்துவிடும் வேலை. அடுத்த செமஸ்டர் மேசையை ஏற்றும் முன் ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.