சரி செய்த பிறகு செத்துப்போன போன்

பலகைக்குள்ளே – 12

சார்ஜ் ஏறவில்லை என்று கடையில் கொடுத்த போன். சார்ஜிங் ஐசியை மாற்றினார்கள். இப்போது போன் ஆன் ஆகவே இல்லை. "போர்டு போச்சு சார், ஏற்கெனவே தண்ணி பட்டிருக்கு" என்ற பதில் வருகிறது. சில நேரம் அது உண்மைதான். ஆனால் கடைக்குள் நுழையும்வரை ஓடிக்கொண்டிருந்த போன் அது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

இப்படி வரும் போனில் பழைய கோளாறைத் தேடுவது வீண். கடைசியாகக் கை பட்ட இடத்திலிருந்துதான் விசாரணை தொடங்க வேண்டும், அதுவும் சூடு காட்டாமல். விவரமான மெக்கானிக் ஹாட் ஏர் கன்னைத் தொடமாட்டார். பேட்டரியைக் கழற்றி, டிசி பவர் சப்ளையை 4 வோல்ட்டுக்கு வைத்து, பூட் கேபிளைப் பலகையில் செருகி ஆம்பியரைப் பார்ப்பார். இருண்ட திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதற்கு அவரிடம் இருக்கும் முதல் தடயம் அந்த எண்.

பவர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே மின்சாரம் ஓடினால் மெயின் லைனில் ஷார்ட். ஐசிக்குப் பக்கத்தில் இருந்த கெப்பாசிட்டர் காற்றில் நகர்ந்திருக்கலாம். ஐசிக்கு அடியில் இரண்டு ஈயக் குண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பலகைமேல் ரோசின் புகையைப் படியவிட்டு, ஷார்ட்டான லைனில் ஒன்றிரண்டு வோல்ட் கொடுத்தால், சூடாகும் இடத்தில் மட்டும் அந்த வெள்ளைப் படலம் உருகித் தெளியும். வசதியுள்ள கடைகளில் தெர்மல் கேமரா. பிராசசருக்குப் போகும் லைன்கள் ஒரு வோல்ட் அளவில் ஓடுபவை. அவற்றில் 4 வோல்ட்டைத் திணிப்பவர் ஷார்ட்டைக் கண்டுபிடிப்பதற்குள் பிராசசரை முடித்துவிடுவார்.

அழுத்தியும் எண் அசையவில்லை என்றால்? பட்டன் லைன் அறுந்திருக்கலாம், பவர் ஐசி எழாமல் இருக்கலாம். நம் போனில் இன்னொரு சந்தேகமும் உண்டு. பெயர் சார்ஜிங் ஐசி என்றாலும், பல மாடல்களில் பேட்டரியின் மின்சாரம் போன் முழுவதற்கும் போவது அதன் வழியாகத்தான். அது சரியாக உட்காராவிட்டால் பேட்டரி நிறைந்திருந்தும் பலகை பட்டினி.

சிக்கலானது மூன்றாவது வகை. அழுத்தியதும் எண் ஏறும். ஐம்பது, எண்பது மில்லி ஆம்பியர் என்று ஏதோ ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். நல்ல போனில் அது துள்ளித் துள்ளி மேலே போக வேண்டும். பிராசசர் விழித்துவிட்டது, ஆனால் எதற்கோ காத்திருக்கிறது என்று பொருள். பல ஐசிகள் ஐ2சி என்ற இரண்டு கம்பிகளைப் பகிர்ந்துகொண்டு பேசுகின்றன. புதிதாக வைத்த ஐசி அதில் ஒன்றைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டால், மற்றவை எல்லாம் நன்றாக இருந்தும் யாரும் பேச முடியாது. மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கருப்பு முனையைச் சந்தேகப் புள்ளியிலும் தொட்டு, அதே மாடலின் நல்ல பலகையோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். பூஜ்யம் என்றால் ஷார்ட். 'ஓஎல்' என்றால் லைன் அறுந்திருக்கிறது. பழைய ஐசியைப் பிடுங்கும்போது பேடும் சேர்ந்து வந்திருக்கும். மயிரிழைக் கம்பியில் ஜம்பர் போட்டுப் பிழைக்கவைக்கலாம்.

அந்த லைன்கள் எல்லாம் சரியாக இருந்தால்தான் எனக்குப் பயம். அப்போது சந்தேகம் பிராசசர்மேல் போகிறது. ஈயமில்லாத சால்டர் உருக சுமார் 217 டிகிரி வேண்டும். ஈயம் கலந்ததற்கு 183 போதும். ஐசியைக் கழற்ற முதலில் ஈயம் கலந்ததை ஏற்றிக்கொள்ளும் பொறுமை எல்லோருக்கும் இல்லை. காற்றின் சூட்டைக் கூட்டிவிடுகிறார்கள். பல போன்களில் பிராசசரின் தலைமேல் ரேம் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் பசை நிரப்பப்பட்டிருக்கிறது. பக்கத்து ஐசிக்கு அடித்த சூட்டில் பசைக்குள்ளேயே ஈயம் உருகி, விரிய இடமில்லாமல் பிதுங்கிப் பக்கத்துக் குண்டைத் தொடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பளபளவென்று இருக்கும் பலகை உள்ளே கெட்டிருக்கும்.

சென்னை ரிச்சி தெருவானாலும் ஷென்சென் நகரத்து ஹுவாச்சியாங்பெய் ஆனாலும் இங்கே வரும் அடுத்த யோசனை ஒன்றுதான்: பிராசசரைத் தூக்கி, அடியில் புது ஈயக் குண்டுகள் வைத்து ரீபால் செய்வது. செய்யலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. இன்றைய போன்களில் சேமிப்புச் சிப்பில் இருப்பதெல்லாம் பூட்டப்பட்ட தரவு. சாவி பிராசசருக்குள்ளேயே புதைந்திருக்கிறது. சிப்பைக் கழற்றி வேறு பலகையில் வைத்துப் படங்களை எடுக்க முடியாது. போனுக்காக வந்தவர் என்றால் துணிந்து பார்க்கலாம்; உள்ளே இருக்கும் குழந்தையின் படங்களுக்காக வந்தவர் என்றால், இன்னும் கைதேர்ந்த ஒருவரிடம் அனுப்பிவைப்பதே நியாயம்.

அடுத்த வாரம்: 2017இல் வந்த ஐபோன் எக்ஸில் இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார்கள். அதைப் பிரிப்பது எப்படி, பிரிக்காமல் இருப்பது எப்போது?