முப்பதுக்கு மேல் குட்டிக்கரணம்

"கரணம் தப்பினால் மரணம்" என்பது கழைக்கூத்தாடிக்குச் சொன்ன வார்த்தை. முப்பது, நாற்பது வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழக வருகிறவரின் மனத்திலும் அதுதான் ஓடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. பிள்ளையின் தலைக்கும் தரைக்கும் தூரம் மூன்றரை அடி, உடம்பும் லேசு. ஐந்தரை அடி ஆள் விழுந்தால் விழுகிற தூரமும் அதிகம், மோதுகிற பாரமும் அதிகம். ஆகவே பெரியவர்களின் பயத்தைக் கோழைத்தனம் என்று சிரிக்க வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்த பயம் அது!

அதனால்தான் நல்ல ஆசிரியர் முதலில் விழுவதற்குக் கற்றுக் கொடுக்கிறார். விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித சுபாவம். மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தை விட்டு, முகவாயை மார்போடு சேர்த்து, முதுகை வளைத்துப் பந்துபோல் உருள வேண்டும். முன்கரணமும் இதே வித்தைதான். உச்சந்தலையை ஊன்றி உருள்வது கழுத்துக்கு உலை வைப்பதாகும். பாரத்தைக் கைகள் தாங்க, தோளும் முதுகும் தரையில் உருள வேண்டும்.

நாலு கரணம் போட்டதும் தலை சுற்றும், வயிற்றைக் குமட்டும். உட்காதில் உள்ள நீரின் அசைவு செய்யும் வேலை அது. பழகப் பழகக் குறையும். அதைவிடப் பெரிய தொல்லை மணிக்கட்டும் குதிகாலும். தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். எலும்போடு அதைப் பிணைக்கும் நாண்களோ மாதக்கணக்கில் காக்க வைக்கும். உற்சாகத்தில் அவசரப்படுகிறவர் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

இது பிள்ளைகளின் வித்தை என்ற எண்ணம் வலுத்ததற்கு 1976 மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் 14 வயது நாடியா கொமனேச்சி முழுமையான 10 புள்ளி வாங்கியதும் ஒரு காரணம். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1956-இல் மெல்போர்னில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்ற ஹங்கேரிய வீராங்கனை ஆக்னெஸ் கெலெட்டிக்கு வயது 35! அவர் சிறுவயதிலேயே பழகியவர் என்பது உண்மை. முப்பதில் தொடங்குகிறவருக்குப் பதக்க ஆசை வேண்டாம். ஆனால் முப்பத்தைந்து வயது உடம்பு அந்தரத்தில் சுழலும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டுமா?

எல்லோருக்கும் ஆசை, பின்பல்டியின் மேல். பலர் எடுத்த எடுப்பில் தலையைப் பின்னால் வீசி உயரத்தை இழக்கிறார்கள். கைகளை வீசி நேரே மேலே எழும்பி, பிறகே முழங்காலை மார்புக்கு இழுக்க வேண்டும். உடம்பு சுருங்கினால் சுழற்சி வேகம் கூடும், விரிந்தால் குறையும். ஆசிரியர் இடுப்பைத் தாங்கும்வரை ஒழுங்காகச் சுழல்கிறவர், அந்தக் கை விலகியதும் தயங்கி நடுவழியில் உடம்பை விரித்துவிடுவதுண்டு. ஆபத்து அங்கேதான். எழும்பியவர் கரணத்தை முடித்தே தீர வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால், கால் தரையை விடுமுன்பே நின்றுவிட வேண்டும். மேலே போனபிறகு யோசிக்க ஒரு விநாடிகூடக் கிடையாது.