பழைய லேத்தும் புது டிரைவும்

எங்க அப்பா லேத்துப் பட்டறை வச்சிருக்கிறது உங்களுக்குத் தெரியும். லேத் என்றால் கடைசல் இயந்திரம். இரும்பைச் சக்கில் பிடித்துச் சுற்றவிட்டு உளியால் சீவுவது. எங்க லேத் பஞ்சாபில் பட்டாலா என்ற ஊரில் செய்தது. வயசுல எனக்குப் பாட்டி.

பெரிய இரும்பை மெதுவாகவும் சின்ன இரும்பை வேகமாகவும் சுற்றணும். சாதாரண இரும்பில் ஹெச்.எஸ்.எஸ். உளி நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் சீவலாம். நம்ம கணக்குப் பாடத்துச் சுற்றளவுதான், போட்டுப் பாருங்க. 25 மி.மீ. ராடுக்கு 380 சுற்று வரும், 50 மி.மீ.க்கு அதில் பாதி. அதுக்கு மேல சுத்தினா உளி முனை கருகிடும்.

முன்பு வேகத்தை மாற்ற, படிப்படியாக இருக்கும் புல்லியில் பெல்ட்டைக் கையால் தள்ளணும். போன வருஷம் மோட்டார் நிற்பதற்குள் தள்ளி, அப்பாவுக்கு நடுவிரல் நகமே போயிடுச்சு. அம்மா ரெண்டு ஆட்டை வித்துப் பணம் கொடுத்தாங்க.

எலக்ட்ரீஷியன் மாமா 1 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் மாட்டினார். எங்களுக்குத் த்ரீ ஃபேஸ் லைனே கிடையாது. அதுக்குத்தான் வி.எஃப்.டி. என்கிற டிரைவ். அது 230 வோல்ட் வீட்டுக் கரண்டை டி.சி.யாக்கி, அதை வெட்டி வெட்டி மூன்று ஃபேஸாக வெளியே விடும். ஆனால் 415 வோல்ட் வராது, 230 தான். அதனால் மோட்டாரின் ஸ்டார் இணைப்பை மாமா டெல்டாவாக மாற்றினார். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் இந்த மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்றும். திருகைத் திருப்பி 25 ஆக்கினால் ஏறக்குறைய பாதி.

முதல் நாளே தகராறு. அப்பா 10 ஹெர்ட்ஸ் வைத்து ஆழமா வெட்டினார். மோட்டார் முனகிட்டு நின்னுடுச்சு. தொட்டா அடுப்பு மாதிரி சூடு. "ஆட்டை வித்தது வீணா?"ன்னு அம்மா கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மாமா விளக்கினார். பெல்ட்டைப் பெரிய புல்லிக்கு மாற்றினால் வேகம் குறையும், திருப்புற பலம் கூடும். கியர் சைக்கிளில் மேடு ஏறுவது மாதிரி. திருகால் குறைத்தால் வேகம் மட்டும்தான் குறையும், பலம் கூடாது. மோட்டார் விசிறியும் அதே தண்டில் இருப்பதால் காற்றும் குறையும். அதனால் கனமான வேலைக்கு இப்பவும் பெல்ட்தான், நடுவில் கூட்டிக் குறைக்கத் திருகு. முன்பு பத்துத் தடவை தள்ளிய பெல்ட்டை இப்போ ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் தள்ளுறார்.

இன்னும் ரெண்டு விஷயம். எங்க சக் மரையில் ஏற்றியது. சட்டென்று நிறுத்தினால் சக் மட்டும் சுற்றிக் கழன்று விழும். அதனால் மெதுவா நிற்கிற மாதிரி மாமா நேரம் வைத்திருக்கிறார். கரண்டை அணைத்தாலும் டிரைவுக்குள்ள மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். உடனே மூடியைத் திறக்கவே கூடாது.

இப்போ பெல்ட் மாத்தணும்னா அப்பா மெயினை அணைச்சுட்டு என்னைக் கூப்பிடுறார். "அணைஞ்சிருக்கா, பாரும்மா." பார்த்து நான் சொன்ன பிறகுதான் கை வைக்கிறார்.