பெட்டிக்குள்ளேயே கிழவனான ஷூ

கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல படி. பாதி இறங்கும்போதே என் ஷூ சோல் கழண்டு வந்துடுச்சு. அண்ணனோட ட்ரெக்கிங் ஷூ. வருஷக்கணக்கா பெட்டியிலேயே இருந்தது, அதிகம் போட்டதே இல்லை. அப்புறம் எப்படி?

காரணம் ஹைட்ராலிசிஸ். நிறைய ஹைக்கிங் ஷூக்களில் நடு சோல் பாலியூரித்தேன் நுரை. காற்றில் உள்ள ஈரம் அதன் பாலிமர் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். போடாமல் வைத்திருந்தாலும் நிற்காது. ஃபெவிக்விக் ஊற்றியும் பயனில்லை, நுரையே பொடியாகியிருக்கும். ஈவிஏ நுரைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனா அது சீக்கிரம் அமுங்கிப் போகும்.

அதனால் ஆஃபர்ல பழைய ஸ்டாக் கிடைச்சா, பெட்டியில் தயாரித்த மாதத்தைப் பாருங்க. கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நடு சோலைக் கட்டைவிரலால் அழுத்தி, ஷூவை வளைத்துப் பாருங்க. விரிசலோ பொடியோ தெரிந்தால் வீட்டிலேயே விட்டுடுங்க.

நான் லேஸை சோலோட சேர்த்துக் கட்டிக்கிட்டுத்தான் திரும்ப மேலே ஏறினேன்.