விடியும் முன் குனியும் முதுகு

"காலையிலதான் இடுப்பு வெறைச்சுக் கெடக்கு, போகப் போக எளகிடும்." மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய பேச்சு இது. பால்மரம் வெட்டிய அம்மாக்கள் அனுபவத்தில் கண்டதை அறிவியல் பின்னால் வந்துதான் அளந்தது.

முதுகெலும்புகளுக்கு நடுவே 23 வட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றின் மையத்திலும் நீர் செறிந்த கூழ். சுற்றிலும் வெங்காயத் தோல்போல 15 முதல் 25 அடுக்கு நார்வளையம். இரவில் படுத்திருக்கையில் கூழ் நீரை இழுத்து உப்புகிறது. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடி எழுவது அதனால்தான். உப்பிய வட்டு லேசில் வளையாது. அந்நேரம் குனிந்தால் வட்டு தாங்க வேண்டிய வளைவு விசை மாலையைவிடப் பல மடங்கு என்று பிரிட்டனில் மைக்கேல் ஆடம்ஸ் குழு 1987-இல் காட்டியது.

ரப்பர் மரத்துக்கும் இதே கதைதான். விடியலுக்கு முன் பால்குழாய்களில் நீரழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் பால் குறையும். மரம் பால் சுரக்கும் நேரமும் முதுகு குனியக் கூடாத நேரமும் ஒன்றாகிவிட்டன. புது மரத்தில் வெட்டு மார்பளவில் இருக்கும். பட்டை சீவச் சீவ வருடந்தோறும் இறங்கி, முழங்காலுக்குக் கீழே வந்துவிடும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களுக்கு, மரத்துக்கு ஒரு குனிவு.

வட்டின் உட்புறத்துக்கு ரத்தக்குழாய் போவதில்லை. மேலும் கீழுமுள்ள குருத்தெலும்பு வழியாகக் கசியும் சர்க்கரையும் பிராணவாயுவும்தான் உள்ளே வாழும் செல்களுக்கு உணவு. பஞ்சைப் பிழிவதுபோல அசைந்தால்தான் சத்து போகும் என்பார்கள். அது பாதி உண்மை. சின்ன மூலக்கூறுகள் அசைவில்லாமலும் கசிந்து சேரும். அசைவின் பெரிய பலன் வேறு: செல்கள் அழுத்தத்தை உணர்கின்றன. நடக்கும்போது போல மிதமாக அழுந்தி விடுபட்டால், நீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்ற பொருளை அவை உற்பத்தி செய்கின்றன. மணிக்கணக்கில் ஒரே அழுத்தம், அல்லது மிதமிஞ்சிய பாரம் என்றால், வட்டையே அரிக்கும் நொதிகள் பெருகுகின்றன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

பாரத்தின் கணக்கை ஜெர்மனியின் வில்கே குழு 1999-இல், ஒருவரின் வட்டுக்குள்ளேயே கருவி வைத்து அளந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3, முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. செம்பனைக் குலை தூக்குகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய எண்கள் இவை.

நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் எழுந்த இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததாக அமெரிக்காவின் ஸ்டோவர் ஸ்னூக் 1998-இல் எழுதினார். பால் வெட்டுபவருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, முன் கொஞ்சம் நடக்கலாம். தாழ்ந்த வெட்டுக்கு ஒரு முழங்காலை ஊன்றலாம். நிரை பிரித்துக் கொடுக்கும் மண்டோர்களே, இடுப்பு வலிக்கிறது என்று சொல்பவருக்கு உயர்ந்த வெட்டுள்ள நிரையைக் கொடுங்கள்.