வலிப்பா? மயக்கமா? பார்த்தவர் சொன்னால்தான் தெரியும்!

சென்னை,
பீச்–தாம்பரம் மின்சார ரெயிலில் ஒருவர் திடீரென்று சாய்கிறார். கை, கால் வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை. "சாவி இருந்தா குடுங்கய்யா!" என்று ஒரு குரல். நாலைந்து சாவிக்கொத்துகள் நீளுகின்றன. இரண்டு நிமிடத்தில் இழுப்பு நிற்கிறது. "இரும்பு பட்டதும் நின்னுடுச்சு, பாத்தீங்களா?" என்கிறார்கள்.

உண்மை அதுவல்ல. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. விழுந்தவருக்குத் தேவை சாவி அல்ல, சாட்சி!

"ரிப்போர்ட் நார்மல்"

விழுந்தவருக்கு, தான் விழுந்ததே தெரியாது. கண் விழித்தால் சட்டையில் மண், நாக்கில் ரத்தம், சுற்றிலும் கூட்டம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் தலையில் ஒயர்களை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறார்கள். இதுதான் இ.இ.ஜி. சோதனை. "நார்மல்" என்று ரிப்போர்ட் வருகிறது. அப்படியானால் வியாதி இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால், வலிப்பு நோயாளிகளிலேயே பலருக்கு இ.இ.ஜி. நார்மலாக வருவது உண்டு. ஸ்கேனும் அப்படியே. மூளையில் கட்டி, தழும்பு, நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருந்தால் காட்டும். அவை இல்லாமலும் வலிப்பு வரலாம்.

இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் குடும்பத்தை வாட்டுகிறது. பாட்டி "காத்து கருப்பு" என்கிறாள். ஆபீசில் முணுமுணுப்பு. பெண்ணாக இருந்தால் வரன் தட்டிப்போகிறது. அடிக்கடி வலிப்பு வருபவர் மணம் செய்யத் தகுதியற்றவர் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வாசகம் 1999–ம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. சட்டம் விட்டுவிட்டது, ஊர் இன்னும் விடவில்லை.

விழுவதெல்லாம் வலிப்பல்ல

வெறும் மயக்கத்திலும் கை, கால் லேசாக வெட்டும். ஆனால் முன்னதாக வியர்க்கும், கண் இருட்டும், முகம் வெளுக்கும். படுக்க வைத்தால் சீக்கிரம் தெளிவு வந்துவிடும். இதயத் துடிப்பு தாறுமாறானாலும் ஆள் விழுவார். அதை வலிப்பு என்று நினைத்து மாத்திரை கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் தலைக்கு மட்டுமின்றி நெஞ்சுக்கும் இ.சி.ஜி. எடுக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் இழுப்பு வரும்.

மன நெருக்கடியால் வரும் இழுப்பும் உண்டு. இது நடிப்பல்ல. வலிப்பு மாத்திரைக்கு இது கேட்காது. மனநல சிகிச்சைதான் வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் நோயாளியை ஆஸ்பத்திரியில் தங்கவைத்து, வீடியோவும் இ.இ.ஜி.யும் ஒரே நேரத்தில் எடுப்பார்கள்.

ஒரு தடவை இழுத்துவிட்டாலே வலிப்பு நோய் என்று முத்திரை குத்தக்கூடாது. வெளிப்படையான காரணம் இன்றி, 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் இரண்டு தடவை வரவேண்டும். அல்லது ஒரு தடவை வந்து, மறுபடி வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று சோதனையில் தெரியவேண்டும்.

டாக்டர் என்ன கேட்பார்?

"விழறதுக்கு முன்னாடி என்ன செஞ்சிட்டு இருந்தார்? கண்ணு திறந்திருந்துதா? எந்தப் பக்கம் முதல்ல இழுத்துது? எத்தனை நிமிஷம்? தெளிஞ்சதும் ஆளை அடையாளம் தெரிஞ்சுதா?"

இதற்கெல்லாம் பதில் பக்கத்தில் இருந்தவரிடம்தான் இருக்கிறது. அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போவது நல்லது. வீட்டார் செல்போனில் படம் எடுத்திருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். தலைக்கு அடியில் துணி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் கூடாது. கை, காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி வந்தாலோ 108–க்கு போன் செய்யுங்கள்.

100–க்கு 70

உலகில் சுமார் 5 கோடி பேருக்கு வலிப்பு நோய் உண்டு. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால், 100–க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் ஒன்று. "ஆறு மாசமா வரலியே" என்று மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. அப்படி நிறுத்தினால் நிற்காத வலிப்பாகத் திரும்பி வரலாம். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.